அண்ணன் வீட்டு விருந்துக்கு ஆறு பாட்டில்

டிசம்பர் 14, ஞாயிறு. நாள் 338.

நல்ல குளிர். கீஸர் மறுபடியும் படுத்துவிட்டது. பூசை முடிந்து வந்து மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பீட்டர் அண்ணன் போன். பதினோரு மாதம் கழித்து.

“லியோ, ஒரு ஹெல்ப் பண்ணணும்.”

எப்படி இருக்கிறாய், செல்வி எப்படி இருக்கிறாள், பாப்பா படிக்கிறாளா, ஒன்றும் இல்லை. நேரே ஹெல்ப்.

கிறிஸ்துமஸ் மதியம், அவன் மகள் ஷெரினுக்குப் பேசி முடிக்கப் பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். சைனிக்புரி வீட்டில் விருந்து. “கொஞ்சம் பெரிய இடம்டா. வந்த உடனே ஸ்பார்க்ளிங் ஒயின் குடுத்து சியர்ஸ் சொல்லணும்னு உங்க அண்ணி சொல்றா. எனக்கு விஸ்கிதான் தெரியும். இந்த நுரை வர்ற சமாச்சாரமெல்லாம் நக்கோ, நமக்கு வேணாம். நீதான் எக்ஸ்பர்ட். நல்லதா பாத்து செலக்ட் பண்ணிக் குடு. கூட கொறிக்க என்ன வெக்கலாம்னும் நீயே சொல்லிடு.”

நாள் 338 என்றால் நான் குடியை விட்டு 338 நாள். விட்டது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டான்.

“நீ குடிக்க வேணாம். செலக்ட் மட்டும் பண்ணு.” பெரிய சலுகை கொடுப்பதுபோல.

சரி என்றேன்.

செல்வி (இனி செ., கை வலிக்கிறது) வாளியைக் கீழே வைத்தாள். “ஏங்க, அவருக்குக் கேக்க வாய் வந்துச்சு. உங்களுக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வரலையா?”

அடுத்த துணியை உதறிக் கொடியில் போட்டேன்.

கோபம் வந்தால் எழுதுங்கள் என்று மறுவாழ்வு மையத்துக் கவுன்சிலர் அம்மா சொல்லித்தான் இந்த நோட்டு. “யாரும் படிக்கப் போறதில்ல. திட்டிக்கூட எழுதுங்க.” திட்டுகிறேன். அண்ணன் ஒரு

மகள் அனிட்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கணக்கில் சந்தேகமாம். நிறுத்துகிறேன்.


டிசம்பர் 16, செவ்வாய். நாள் 340.

மல்லாபூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கேன்டீனில் தக்காளி சாதம் அடிபிடித்துவிட்டது. பாத்திரத்தை மாற்றச் சொன்னேன், மாற்றவில்லை. நானூறு பேர் சாப்பிட வேண்டியது. கத்தினேன். சமையல் ஆள் வெங்கடம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாருக்கு இன்னைக்கு வேற எங்கியோ கோபம்” என்று பக்கத்தில் இருப்பவளிடம் தெலுங்கில் சொன்னாள். எனக்குத் தெலுங்கு தெரியாது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவனுக்கு!

வேறு எங்கோதான் கோபம்.

பதினெட்டு வருஷம் ஒரு பெரிய ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் ஒயின் பிரிவு என் பொறுப்பு. எந்த பாட்டில், எந்தக் கிளாஸ், எத்தனை குளிர்ச்சி, எதற்குப் பக்கத்தில் எது. மந்திரிகளுக்கு ஊற்றியிருக்கிறேன். கடைசி நான்கு வருஷம் எனக்கும் ஊற்றிக்கொண்டேன். முதலில் விருந்து முடிந்த பிறகு, பிறகு முன்பே. வேலை போனது. இப்போது மருந்துக் கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசர்.

போன கிறிஸ்துமஸ். அதையும் எழுதிவிடுகிறேன். அண்ணன் வீடு. எல்லோரையும் சிரிக்கவைக்கிறேன் என்று ஒரு ஸ்பார்க்ளிங் பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கித் திறந்தேன். கை வழுக்கியது. பாட்டில் மேஜை விளிம்பில் பட்டு உடைந்தது. பிடிக்க வந்த ஷெரின் உள்ளங்கையில் நான்கு தையல். நான் பின்னால் சாய்ந்து கிறிஸ்துமஸ் குடிலின் மேல் விழுந்தேன். வைக்கோல், ஆடுகள், மூன்று ராஜாக்கள், எல்லாவற்றின் மேலும். என் மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜனவரி பத்தில் விட்டேன்.

ஆக, அண்ணன் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அதற்காக இதுவா?


டிசம்பர் 18, வியாழன். நாள் 342.

அண்ணி வாட்ஸப்பில் பட்டியல் அனுப்பியிருக்கிறாள். பிளம் கேக், கேரமல் புடிங், ரசகுல்லா, சாக்லேட். “இதோட எந்த ஒயின் மேட்ச் ஆகும்?” கூடவே ஒரு கண்ணடிக்கும் பொம்மை.

எதுவும் ஆகாது! இனிப்பில்லாத ஒயினைப் பிளம் கேக்கோடு குடித்தால் ஒயின் புளிச்சத் தண்ணீர் ஆகிவிடும். நுரை ஒயினுக்கு வேண்டியது உப்பும் எண்ணெயும். பதினெட்டு வருஷம் இதைத்தானே சொன்னேன். கோபத்தில் கேன்டீன் ரசீதின் பின்பக்கம் உட்கார்ந்து எழுதினேன்:

முதல் சுற்று, இனிப்பில்லாத ஒயின் (லேபிளில் ப்ரூட் என்று இருக்கும்): லுக்மி, கொத்துக்கறி வைத்த சதுர சமோசா, சிறியதாக, சூடாக. மிளகு போட்டு வறுத்த முந்திரி. காரி பிஸ்கட், அதாவது உப்பு போட்ட அடுக்கு பிஸ்கட். மெதுவடை, ரூபாய்க் காசு அளவில். நெத்திலி வறுவல் கிடைத்தால் உத்தமம்.

இரண்டாம் சுற்று, சாப்பாட்டுக்குப் பின், இனிப்பு ஒயின்: கல்கல் (பொரித்துச் சர்க்கரைப்பாகு பூசிய மாவுச் சுருள்), அச்சுமுறுக்கு, அப்புறம் அந்தக் கேக்.

ரசகுல்லா எதனுடனும் வேண்டாம்.

குடிக்காதவர்களுக்கு: பன்னீர் திராட்சைச் சாறு, சோடா, ஒரு சிட்டிகை உப்பு. அதே கிளாஸில். வேறு கிளாஸில் கொடுத்து அசிங்கப்படுத்தக் கூடாது.

கிளாஸ்: உயரமாக, ஒல்லியாக. பதினான்கு பேர், ஆறு பாட்டில் போதும்.

எழுதி முடித்தபோது நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் கோபம். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். நன்றாகச் செய்வேன். அதை நானே கெடுத்துக்கொண்டேன்.

அனிட்டா எட்டிப் பார்த்து, “வாட் இஸ் லுக்மி டூயிங் இன் எ கிறிஸ்துமஸ் பார்ட்டி?” என்றாள். உட்காரவைத்து விளக்கினேன். உப்பு எப்படி நாக்கைத் தயார் செய்கிறது, நுரை எப்படி எண்ணெயைக் கழுவுகிறது. முழுக்கக் கேட்டாள். எழுந்து போகும்போது, “யூ வோன்ட் டேஸ்ட் இட் நா?” என்றாள்.

மாட்டேன் என்றேன்.


டிசம்பர் 20, சனி. நாள் 344.

வெயில், பனி இல்லை. ஏ.எஸ்.ராவ் நகர் மெயின் ரோட்டில் ஒயின் ஷாப். அண்ணன் காரில் வந்து அழைத்துப் போனான். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளிருந்து ஒவ்வொரு பாட்டிலாக போட்டோ எடுத்து அனுப்பினான். ரோட்டோரத்திலேயே நின்று பெரிதாக்கிப் படித்தேன். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்ததா, வெறுமனே வாயு ஏற்றியதா என்று சின்ன எழுத்தில் இருக்கும். பளபளவென்ற தங்கக் காகிதம் சுற்றியதை வேண்டாம் என்றேன். அதுதான் அழகு என்றான். ருசி பார்க்க நாசிக் பக்கத்து பாட்டில் இரண்டு சொன்னேன், ஒன்று டிரை, ஒன்று இனிப்பு.

கடைக்காரர் எட்டிப் பார்த்து, “எவரு அன்னா ஆயன? லோபலிக்கி ரம்மனண்டி” என்றார். யார் அவர், உள்ளே வரச் சொல்லுங்கள் என்று. அண்ணன் சிரித்துக்கொண்டே, “நக்கோ நக்கோ, அவன உள்ள விட்டா அவ்ளோதான்” என்றான். கடையில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கேயே பஸ் ஏறியிருக்க வேண்டும்.

பிறகு சைனிக்புரி வீட்டு போர்ட்டிகோ. அண்ணனுக்குத் திறக்கத் தெரியாது, நீயே திற என்றான். திறந்தேன். தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத்தான் திருப்ப வேண்டும், மெதுவாக. சத்தம் வரக் கூடாது, பெருமூச்சு மாதிரி ஒன்றுதான் வர வேண்டும். வந்தது. கைக்கு மறக்கவில்லை. வாசனை மூக்கில் ஏறியதும் கேட் வரை நடந்து போய் நின்றுகொண்டேன். அங்கிருந்தே கேள்வி.

“நாக்கு ஓரத்துல புளிக்குதா, நடுவுலயா?”

“ஜிவ்வுனு இருக்கு.”

“ஜிவ்வுன்னு எல்லாமே இருக்கும்ணே. முழுங்கினப்புறம் வாய் காயுதா?”

“கொஞ்சம்.”

“பச்சை ஆப்பிள் கடிச்ச மாதிரியா, எலுமிச்சையா?”

“டேய், எதுக்கு இவ்ளோ கேள்வி? ஒயின் மாதிரி இருக்குடா!”

இன்னொரு வாய் குடிக்கச் சொன்னேன். காரி பிஸ்கட் கடித்துவிட்டுக் குடிக்கச் சொன்னேன். நின்றான். கண் கொஞ்சம் விரிந்தது. “ஏய், இப்ப நல்லா இருக்கே!”

அப்படித்தான் அவன் நாக்கைக் கடன் வாங்கி நான் தேர்ந்தெடுத்தேன். சின்ன வயதில்கூட நாங்கள் இருவரும் சேர்ந்து இவ்வளவு நேரம் ஒரு காரியம் செய்ததில்லை. மூன்று டிரை, மூன்று இனிப்பு என்று முடிவு, அண்ணன் போய் வாங்கி வைப்பான்.

வீட்டுக்கு வந்ததும் செ. கிட்டே வந்து மோந்து பார்த்தாள். பார்க்கவில்லை என்பதுபோல சட்டை காலரைச் சரிசெய்தாள். கத்திவிட்டேன். அவளிடம் கத்த எனக்கு என்ன உரிமை? மன்னிப்புக் கேட்டேன். “மோந்துதான் பாத்தேன். நாளைக்கும் பாப்பேன்” என்றாள்.


டிசம்பர் 23, செவ்வாய். நாள் 347.

கவுன்சிலர் அம்மாவிடம் போனில் எல்லாம் சொன்னேன். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. “யார் யார் மேல கோபம், எழுதுங்க” என்றார்.

1. அண்ணன்.
2. அண்ணி.
3. கடையில் திரும்பிப் பார்த்த நான்கு பேர்.
4. போன கிறிஸ்துமஸில் எனக்கு மூன்றாவது கிளாஸ் ஊற்றிக் கொடுத்து, கீழே விழுந்ததும் “இவன் எப்பவும் இப்படித்தான்” என்ற அதே அண்ணன்.
5. நான்.
6. கீஸர் ரிப்பேர்காரன். இன்றும் வரவில்லை.


டிசம்பர் 24, புதன். நாள் 348.

அரை நாள் லீவு. கல்கல், அச்சுமுறுக்கு செ. செய்தது, இரண்டு டப்பா. அதை எடுத்துக்கொண்டு சைனிக்புரி. பாட்டில்களை ஃப்ரிட்ஜில் படுக்கவைத்தேன். கிளாஸ்களைத் துடைத்து வரிசையாக வைத்தேன். ஷெரின் வீட்டில் இல்லை, சேலை ரவிக்கை வாங்கத் தையற்கடைக்குப் போயிருந்தாள். அவள் கையைப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். ஒரு வருஷமாகப் பார்க்கவில்லை. போன் பண்ணவும் வாய் வரவில்லை.

கிளம்பும்போது அண்ணன் வராந்தாவில் நிறுத்தினான்.

“நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்துடு. ஐஸ் போடு, செட் பண்ணு. அப்புறம்... அவங்க வந்ததும் நீ கொஞ்சம் கிச்சன்லயே இரு.”

“ஏன்?”

“செல்வியும் பாப்பாவும் வரட்டும், உக்காந்து சாப்பிடட்டும். உன்னப் பத்தி அவங்க காதுல ஏதோ விழுந்திருக்குடா. நீ சென்னைல வேலையா இருக்கன்னு சொல்லிட்டேன். ஒரு நாள் தானே.”

அண்ணி ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திரை ஆடியது.

“நான் இப்பக் குடிக்கிறதில்லண்ணே.”

“தெரியும். அத அவங்களுக்கு எப்படிச் சொல்றது? முன்னாடி குடிச்சான்னு ஆரம்பிக்கணும்ல.”

நான் தேர்ந்தெடுத்த ஒயின் மேஜைக்கு வரலாம். நான் வரக் கூடாது.

செ.விடம் சொன்னேன். அடுப்பை அணைத்தாள். “நானும் பாப்பாவும் போகல. நீங்களும் போகாதீங்க. பாட்டில அவரே தொறக்கட்டும், மூஞ்சில அடிச்சிக்கட்டும்.”

போவேன் என்றேன். ஷெரினுக்காக. அவளுக்கு நான் கொடுத்தது இதுவரை நான்கு தையல்தான். ஒரு நல்ல கிளாஸ் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

“ஊத்துறதுக்கு உங்கள வெளியவே விட மாட்டாங்களே” என்றாள் செ.

அது எனக்குத் தோன்றவே இல்லை.


டிசம்பர் 25, வியாழன். நாள் 349.

விடிகாலைப் பூசை, மூவரும். பிறகு நான் மட்டும் சைனிக்புரி.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

11.00. பின்பக்கக் கதவு வழியாக. தொட்டியில் பாதி ஐஸ், பாதித் தண்ணீர், ஒரு கை கல்லுப்பு. இருபது நிமிடத்தில் பாட்டில் சரியான குளிர்ச்சிக்கு வரும். லுக்மி வந்தது, சூடாக இருந்தது. நெத்திலி கிடைத்தது. சமையற்கட்டில் நானும், ஆறு பாட்டிலும், ஒரு ஸ்டூலும்.

12.40. கார் சத்தம். சிரிப்பு. ஹாப்பி கிறிஸ்துமஸ். கதவை அண்ணி வெளியிலிருந்து சாத்தினாள்.

அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றி எழுத வேண்டும். யாரும் இல்லை. யாருக்கும் தெரியாது. ஒரு வாய் குறைந்தால் எவன் அளக்கப் போகிறான்? என்னை ஒளித்துவைத்த வீட்டில் நான் ஏன் யோக்கியனாக இருக்க வேண்டும்? இப்படியே ஓடியது. பாட்டிலைத் தொட்டேன். ஈரம். கையைத் துண்டில் துடைத்துவிட்டு செ.வுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். குக்கர் விசில் கேட்டது. “லைன்லயே இருங்க” என்றாள். இருந்தேன்.

12.55. வெளியே படார். அண்ணன் முதல் பாட்டிலைத் தானே திறந்திருக்கிறான், கார் சத்தம் கேட்டு வாசலுக்குப் போகும்போதே ஒன்றை எடுத்துப் போய்விட்டான். யாரோ பெண் கத்தும் சத்தம். அண்ணி கதவைத் திறந்து ஓடி வந்தாள். “லியோ, மேஜையெல்லாம் நுரை. தக்கை லைட்ல அடிச்சிடுச்சு. வாங்க, வாங்க, அந்த ஏப்ரன் கட்டிக்கிட்டே வாங்க.”

போனேன். தோளில் துண்டு. மேஜையைத் துடைத்தேன். இரண்டாவது பாட்டிலைச் சத்தமில்லாமல் திறந்து, கிளாஸைச் சாய்த்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு தடவையாக ஊற்றினேன். நுரை விளிம்பு வரை வந்து நின்றது, வழியவில்லை. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா, கோயமுத்தூர்க்காரர், வெள்ளை மீசை, என்னைப் பார்த்து, “அருமையாப் பண்றாரே. யாருங்க இவரு?” என்று அண்ணனிடம் கேட்டார்.

“கேட்டரிங்” என்றான் அண்ணன். “ஹோட்டல்லேந்து வரவழைச்சோம்.”

கூடப் பிறந்தவன். ஒரே குவார்ட்டர்ஸில் ஒரே கட்டிலில் படுத்தவன். யோசிக்கக்கூட இல்லை, வாயில் தயாராக இருந்தது.

அந்த நேரம் மாடியிலிருந்து ஷெரின் இறங்கி வந்தாள். பச்சைச் சேலை. என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள். வாயைத் திறந்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. போன வருஷம் நான் கெடுத்தேன். இந்த வருஷமும் என்னால் கெட வேண்டாம். அவள் கிளாஸை நீட்டினாள். உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு கோடு. ஊற்றினேன்.

சியர்ஸ் சொன்னார்கள். லுக்மி தீர்ந்தது. நான் காலிக் கிளாஸ்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு திரும்பும்போது மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். “ரொம்ப நல்லாப் பண்ணீங்க தம்பி. கிறிஸ்துமஸ் அதுவுமா குடும்பத்த விட்டுட்டு வந்து நிக்கறீங்க. வெச்சுக்கோங்க.”

நல்ல மனிதர். அதுதான் தாங்கவில்லை. அண்ணன் பார்த்தான். சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஷெரின் பின்னாலேயே வந்தாள். கதவைச் சாத்தவில்லை.

“சித்தப்பா, நீங்க வர மாட்டேன்னு சொல்லிட்டீங்கன்னு அப்பா சொன்னாரு.”

“என்ன?”

“நீங்க கோபமா இருக்கீங்க, கூப்பிட்டும் வரலன்னு. நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். நக்கோ, அவன் குடிச்சிட்டு ஏதாச்சும் பேசுவான்னு அப்பாதான்...”

மாப்பிள்ளை வீட்டில் நான் சென்னை. மகளிடம் நான் கோபம், குடி. என்னிடம், ஒரு நாள் தானே. ஆளுக்கு ஒரு பொய், அளந்து ஊற்றியிருக்கிறான்.

“குடிக்கிறதில்லம்மா. முந்நூத்தி நாப்பத்தொம்பது நாள்.”

அவள் அழவில்லை. போய், மாப்பிள்ளைப் பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஜோயல். கண்ணாடி போட்டவன், ஒல்லி. “இதான் என் சித்தப்பா. நான் சொன்னேன்ல.” அவனுக்கு முன்பே எல்லாம் தெரியும். தையல்வரை. அவன் கை கொடுத்தான், பிறகு சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து மிச்சமிருந்த மெதுவடையைச் சாப்பிட ஆரம்பித்தான். ஷெரினும் பக்கத்தில். பட்டுச் சேலையோடு. திராட்சைச் சாறு ஊற்றிக் கொடுத்தேன், எனக்கும் ஒன்று. வடை ஆறிவிட்டது என்றேன். பரவாயில்லை என்றார்கள்.

அங்கேதான் மாப்பிள்ளையின் அப்பா மகனைத் தேடிக்கொண்டு வந்தார். வாசலில் நின்றார். ஷெரின், “சித்தப்பா, அந்த நெத்திலி எங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். என் சட்டைப் பையைப் பார்த்தார். முகம் சிவந்துபோனது.

“நீங்க... ஷெரினோட...”

“சித்தப்பா அங்கிள்” என்றாள் ஷெரின். “அப்பாவோட சொந்தத் தம்பி.”

அவர் கையை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார். “சார், தெரியாமப் பண்ணிட்டேனுங்க. அந்த நோட்ட திருப்பிக் குடுத்துருங்க. தயவுபண்ணிக் குடுத்துருங்க.”

அவர் தோளுக்குப் பின்னால் அண்ணன் வந்து நின்றான். அண்ணியும். ஆக எல்லோரும்.

கொடுத்திருக்கலாம். கொடுத்தால் எல்லோருக்கும் சுலபம். அவருக்கும், அண்ணனுக்கும். நான் மறுபடி தம்பி ஆகிவிடுவேன், ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடும்.

“தர மாட்டேன் சார்” என்றேன். “நீங்க தப்பு ஒண்ணும் பண்ணல. காலைலேந்து வேலை பாத்தேன். நல்லா பாத்தேன். இத இந்த வீட்ல வேற யாரும் சொல்லல.”

அண்ணனைப் பார்த்துதான் சொன்னேன். அவன் “லியோ” என்றான். அவ்வளவுதான் வந்தது.

ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தேன். இனிப்பு ஒயினை எப்போது எடுக்க வேண்டும் என்று ஜோயலிடம் சொன்னேன், பாட்டிலைத்தான் திருப்ப வேண்டும் என்றும். பின்பக்கக் கதவு வழியாக வந்தேன். இல்லை. தவறு. பின்பக்கக் கதவுவரை போய்விட்டுத் திரும்பி, ஹாலின் நடுவே, எல்லோருக்கும் முன்னால் நடந்து முன்வாசல் வழியாக வந்தேன்.

ஆட்டோ கிடைக்கவில்லை. நடந்தேன்.

செ. சாப்பிடாமல் இருந்தாள். அனிட்டாவும். மணி மூன்றரை.


டிசம்பர் 26, வெள்ளி. நாள் 350.

தூக்கமில்லை. தலைவலி. கேன்டீனில் எலுமிச்சை சாதம்.

காலை பத்துக்கு அண்ணன் போன். கத்தினான். மானம் போச்சாம். அத்தனை பேர் முன்னால் ஐந்நூறு ரூபாயை வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்று நிற்கலாமா, பிச்சைக்காரன் மாதிரி.

“கேட்டரிங் ஆளுக்கு மானத்தப் பத்தி என்னண்ணே தெரியும்?” என்றேன்.

அவன் ஏதோ ஆரம்பித்தான். நாற்பத்தாறு வயதுவரை அவன் பேசும்போது நான் குறுக்கே பேசியதில்லை. இன்று பேசினேன். மூன்றாவது கிளாஸ் யார் ஊற்றியது என்று கேட்டேன். ஷெரினிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். கடை வாசலில் சிரித்தாயே அது எதற்கு என்று கேட்டேன். வெங்கடம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். போனை வைத்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். “குடிங்க சார்.” தெலுங்கில். நானும் தெலுங்கில் நன்றி சொன்னேன். அவள் முகம் போன போக்கு!

மதியம் ஷெரின் போன். பேச்சு முடிந்துவிட்டதாம், ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம். ஜோயலின் அப்பா கிளம்பும்போது அண்ணனிடம், “இனிமே எங்ககிட்ட எதையும் மறைக்காதீங்க, அது போதும்” என்று மட்டும் சொன்னாராம். லுக்மி எங்கே வாங்கியது என்று அவர் மனைவி கேட்டாராம்.

“சித்தப்பா, கை சரியாயிடுச்சு. இப்ப வலிக்கிறதே இல்ல” என்றாள் ஷெரின். நான் கேட்காமலே.

போனை வைத்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய், அரிசி மூட்டைமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.


டிசம்பர் 28, ஞாயிறு. நாள் 352.

கீஸர் சரியானது. வெந்நீரில் குளித்தேன், அரை மணி நேரம்.

நான்கு மணிக்குக் காலிங் பெல். அண்ணன். தனியாக. கையில் துணிப்பை. உள்ளே வா என்று சொல்லவில்லை, வாசலிலேயே நின்றோம். அவனும் வரவில்லை.

“ரெண்டு பாட்டில் மிச்சம்” என்று பையை நீட்டினான். “தொறக்கவே இல்ல. அவ்ளோ நல்லதா பாத்து எடுத்தது, வீணாப் போகக் கூடாதுல்ல. நீயே வெச்சுக்கோ.”

பையை வாங்கவில்லை. கோபம் காலிலிருந்து ஏறியது.

“அண்ணே. இத யாருக்குக் கொண்டு வந்திருக்க?”

பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

“ஐயோ. லியோ, நான் தெரியாம...”

“தெரியாம இல்ல. நீ நினைக்கவே இல்ல. நான் ஒருத்தன் இருக்கேன்னு நீ நினைக்கிறதே இல்லண்ணே.”

பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான், சின்னப் பையன்கள் ஒளித்துக்கொள்வது மாதிரி. எதிர்வீட்டுக்காரர் செருப்பு மாட்டிக்கொண்டு எங்களைத் தாண்டி இறங்கினார்.

“எத்தன நாளாச்சு?” என்றான்.

“முந்நூத்தி அம்பத்திரண்டு.”

“ம்.” தலையை ஆட்டினான். “அன்னைக்குக் கேட்டரிங்னு சொன்னது... லில்லிதான் முன்னாடியே...”

“அண்ணியச் சொல்லாத.”

“ம். நான்தான் சொன்னேன்.”

மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நின்றேன். கேட்கவில்லை. படியில் இறங்கினான். பாதிப் படியில் நின்று, மேலே பார்க்காமல், “செல்வியோட கல்கல் எல்லாருக்கும் பிடிச்சுது” என்றான். பாட்டில்கள் பையில் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கீழ்வரை கேட்டது.

கதவைச் சாத்தினேன். செ. பின்னால் நின்றிருந்தாள்.

“கோபம் போச்சா?”

“இல்ல.”

“சரி. டீ ஆறுது, வாங்க.”